ஒரிஜினல்

"என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் குடுங்க சார்."

மஞ்சு கேட்டதும், கணக்கு எழுதிக்கொண்டிருந்த சாவித்திரியின் கை அப்படியே நின்றது. மஞ்சு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலையில் அடித்துக்கொண்டு சொன்னவள் அவள்தான். "சம்பளத்தைக் கேளு, லீவைக் கேளு. சர்டிஃபிகேட்டை மட்டும் கேட்டுடாதே. என்னோடது ஏழு வருஷமா அந்த பீரோலதான் தூங்கறது."

முதலாளி சந்திரமௌலி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டெல்லி நேரு பிளேஸில் இரண்டு அறை, பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் கம்பெனி, இடுப்பில் பீரோ சாவி. வேலைக்கு வருகிற யாராக இருந்தாலும் டிகிரி சர்டிஃபிகேட்டை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். அதற்கப்புறம் ஆள் எங்கே போகும்?

"எதுக்கு?"

"திங்கக்கெழம வேற எடத்துல சேரணும். ஒரிஜினல் காட்டலன்னா எடுக்கமாட்டாங்க."

"அச்சா! ஓடப் பாக்கறியா?" சிரித்தார். "எங்கிட்ட இருந்ததாலதான்டி அது தப்பிச்சது. இல்லேன்னா உங்க ஜுக்கிக் குடிசையோட சேத்து புல்டோசர் முழுங்கியிருக்கும். நியாயமா நீ எனக்கு தேங்க்ஸ் சொல்லணும்."

தமிழர் குடிசைகள் இருந்த மதராசி கேம்ப் இடிபட்ட அன்று மஞ்சுவின் அம்மா கேஸ் அடுப்பைத் தூக்குவதா, துணி மூட்டையைத் தூக்குவதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தது மஞ்சு ஒருத்திதான். அதற்கிருந்த ஒரே அத்தாட்சி இந்த ஆளின் பீரோவில்.

"ஃபரீதாபாத் ஃபேக்டரி வேலை முடியட்டும், பாக்கலாம்."

"முடிஞ்சிடுச்சு சார். இன்ஸ்டால் சர்வர் போட்டாச்சு. டெஸ்டும் ஓடுது."

ஃபேக்டரியின் பழைய மெஷின்கள் எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் வயர் வழியாகவே சிஸ்டம் ஏற்றித் தரும் சர்வர் அது. அது என்ன, எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் சந்திரமௌலிக்குத் தெரியாது. கஸ்டமர் கேட்டான், 'ஹோ ஜாயேகா ஜி' என்று ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான். மூலையில் சோதனைக்கு வைத்திருந்த மெஷினின் திரையில், சிஸ்டம் ஏற ஏறப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

"முடிஞ்சுதா? ரொம்ப நல்லதாப் போச்சு. நீ கெளம்பு, சர்டிஃபிகேட் இங்கயே கெடக்கட்டும்."

மஞ்சு நேராக பீரோவை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து வந்த கை அவள் சடையைப் பிடித்துச் சுழற்றியது. நெற்றி இரும்பு ரேக்கில் மோதியது. திரும்புவதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது.

"ஜுக்கிப் புத்தி போறதா பாரு! யார் பீரோல கை வைக்கறே?"

"மஞ்சு, விட்டுடுடி," என்று சாவித்திரி அழாத குறையாகச் சொன்னாள்.

மஞ்சு விடவில்லை. மேஜையில் இருந்த நீலப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். உள்ளே அந்த மெஷின்களுக்கான சிஸ்டம் சி.டி.க்கள். மெஷினைச் செய்தவனே கடையை மூடிவிட்டுப் போய் எத்தனையோ காலமாகிறது. பெங்களூர் வரைக்கும் போய், கெஞ்சிக் கூத்தாடி சந்திரமௌலி கொண்டுவந்தவை. காலையில் எண்ணிக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்கி, அதையும் பீரோவில்தான் பூட்டுவார்.

ஒன்றை எடுத்தாள். ரேக் விளிம்பில் வைத்து ஓங்கி அடித்தாள். படக்!

"ஏய்! பாகல் ஹோ கயி க்யா? பைத்தியமா உனக்கு?" என்று பாய்ந்தார்.

உடைந்த பாதியை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "கிட்ட வந்தா மூஞ்சியக் கிழிச்சிடுவேன். சர்டிஃபிகேட்டு."

அவர் அசையவில்லை. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு உடைந்தது. ரத்தம் முழங்கை வரை ஓடியது. மூலையிலிருந்த மெஷின் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் புள்ளி வைத்துக்கொண்டே போனது.

"நிறுத்துடி! உலகத்துல வேற எங்கயும் கெடைக்காது அது! ஃபேக்டரிக்காரன் என்னைக் கொன்னுடுவான்!"

"எனக்கும் அந்த ஒண்ணுதான் இருக்கு. எடு."

சந்திரமௌலி இடுப்புச் சாவியை உருவினார். பீரோவைத் திறந்து, சர்டிஃபிகேட் கவர்களைக் கட்டோடு தரையில் வீசினார். மஞ்சு துப்பட்டாவில் கையைச் சுற்றிக்கொண்டு, தன் பெயர் இருந்த கவரைத் தேடி எடுத்தாள். உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்த்தாள். சாவித்திரி சத்தமில்லாமல் எழுந்துவந்து தன்னுடையதையும் உருவிக்கொண்டாள்.

"வாங்கிண்டியோல்லியோ? மிச்சத்தைக் கீழே வை."

மஞ்சு வைத்தாள். வைத்துவிட்டு அதன்மேல் ஏறி மிதித்தாள். பெட்டி நசுங்கி, உள்ளே இருந்ததெல்லாம் நொறுங்கும்வரை மிதித்தாள்.

சந்திரமௌலி தரையில் உட்கார்ந்துவிட்டார். சில்லுகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். "போச்சு... எல்லாம் போச்சு. என் பொழப்பையே அழிச்சுட்டியேடி! உன்னை ஜெயில்ல தள்ளாம விடமாட்டேன்."

ரத்தம் படாமல் கவரை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டு மஞ்சு கதவைத் திறந்தாள். படியில் கால் வைத்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"வெறும் குப்பை சார் அது. உள்ள இருந்ததெல்லாம் சர்வர்ல ஏத்தி நாலு நாளாச்சு."