மெதுவா பின்னால வாங்க

“இந்த ரவுண்டு முடிஞ்சதும் நான் நேரா அக்கா வீட்டுக்குப் போறேன். என் துணிமணியைப் பார்சல்ல அனுப்பிச்சா போதும்.”

பூகோள டீச்சர் இதைத் தன் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிரே இருந்த பழத்தோட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். கணவரான பல் டாக்டரும் தோட்டத்துக்கே பதில் சொன்னார்.

“தாராளமாப் போகட்டும். போறதுக்கு முன்னாடி, ‘வாங்க வாங்க, இடம் நிறைய இருக்கு’ன்னு சொல்லிக் காரைக் கம்பத்துல மோத விட்டது யாருன்னு சொல்லிட்டுப் போகட்டும். பூகோளம் நடத்தறவங்களுக்கு இடது எது, வலது எதுன்னு தெரிய வேண்டாமா?”

“நாள் முழுக்க ஊரார் வாய்க்குள்ள கண்ணாடியை விட்டுப் பார்க்கிறவருக்கு, சொந்தக் கார்க் கண்ணாடியில ஒரு கம்பம் தெரியாதாமா?”

கல்யாணமாகி மூன்று வருடம். சண்டை புதிதில்லை. ஆனால் அக்கா வீடு என்ற பேச்சு வந்தது இதுதான் முதல் தடவை. டாக்டருக்கு உள்ளுக்குள் உதறல்தான். வெளியே முகத்தை முறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் டிராக்டர் சவாரிக்கு அவர்களோடு இன்னும் பத்துப் பேர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். டிராக்டர் அறுபது வயதுக் கிழம். பெஞ்சு போட்ட பெட்டி தனியாக நின்றது. இனிமேல்தான் இரண்டையும் இணைக்க வேண்டும்.

“அண்ணிதான் டிராக்டர் ஓட்டுவாங்க. அண்ணன் பெட்டியைப் பார்த்துக்குவார்,” என்றாள் டிக்கெட் கிழித்த பெண்மணி. “மாட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது.”

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெண்டாட்டி வண்டியைப் பின்னால் எடுக்கப் போகிறாள்; புருஷன் நின்று கை காட்டப் போகிறான். இன்று ஒரு ரகளை நிச்சயம். அதைப் பார்த்தால் தங்கள் சண்டையெல்லாம் ஒரு சண்டையா என்று ஆகிவிடும்.

“சக்கரத்துக்குக் கட்டை வச்சாச்சுங்க. மெதுவா பின்னால வாங்க,” என்றார் பெட்டிக்காரர்.

டிராக்டரம்மா இரண்டடி வந்து நிறுத்திவிட்டாள். “நீங்க எனக்குத் தெரியலையே. கண்ணுல பட்டாத்தான் வண்டி நகரும்.”

“தப்பு என்மேலதான்.” அவர் பக்கவாட்டில் தள்ளிப் போய் நின்றார். “இப்போ?”

“தெரியறீங்க. வர்றேன்.”

டிராக்டர் புகை கக்கிக்கொண்டு பின்வாங்கியது. கொக்கி நாலு விரல் தள்ளிப் போயிற்று. டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டார்.

“பரவாயில்லைங்க. முன்னால போய் இன்னொரு தடவை வாங்க.”

இரண்டாவது தடவை மறுபக்கம் நாலு விரல்.

“அதுக்கென்னங்க, பக்கத்துல வந்துட்டீங்க. இன்னும் ஒரே தடவை.”

“பெண்டாட்டியை ‘வாங்க’ன்னு கூப்பிடறார்,” என்றாள் டீச்சர். தோட்டத்தை மறந்துவிட்டு நேராகக் கணவரிடமே சொல்லிவிட்டாள்.

மூன்றாவது தடவை கச்சிதமாக வந்து நின்றது. டிராக்டரம்மா பிரேக்கைப் போட்டாள், எஞ்சினை அணைத்தாள், சாவியைக் கையில் தூக்கிக் காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் பெட்டிக்காரர் இரண்டுக்கும் நடுவில் கால் வைத்தார். இரும்பு ஆணியை இறக்கினார். அது எகிறாமல் கிளிப்பை மாட்டினார். கூடவே காப்புச் சங்கிலியையும் கோத்தார்.

“நீங்க மாட்டினதை நான் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கட்டுமா?” என்று இறங்கி வந்தாள் அவள்.

“பாருங்க. பன்னெண்டு உசிரு உட்காரப் போகுது.”

தான் அடைத்த பல்லை இன்னொரு டாக்டர் எட்டிப் பார்த்தால் நம் டாக்டருக்கு மூன்று நாள் தூக்கம் வராது. அந்த மனிதரோ சிரித்தபடி விலகி வழிவிட்டார். பிறகு கட்டைகளை எடுத்தார். டிராக்டரம்மா காலிப் பெட்டியோடு ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்பினாள்.

“தப்பு என்மேலதான்னு எவ்வளவு லேசாச் சொல்லிட்டார்,” என்றாள் டீச்சர்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். “அந்தக் கம்பம்... தப்பு என்மேலதான்.”

“இல்லைங்க. நான் போன்ல பேசிக்கிட்டே கை காட்டினேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா காலையிலேர்ந்து சொல்லாம இருந்தீங்க?”

“சொன்னா நீ அழுவியேன்னுதான்.”

அவள் அழவில்லை, களுக்கென்று சிரித்தாள். அவரும் சிரித்தார். வரிசையில் நின்ற பத்துப் பேரும் எதற்கு என்றே தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குள் டிராக்டர் சுற்றி வந்து நின்றது; கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

“அக்கா வீட்டுக்கு எப்போ கிளம்பறீங்க, மேடம்?”

“அங்க எனக்கு ஒரு தலைகாணிகூடக் கிடையாது. ஏறுங்க பேசாம.”

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு ஒட்டி உட்கார்ந்தார். பெட்டிக்காரர் எல்லாரையும் எண்ணிவிட்டுக் கதவைத் தாழிட்டார். டிராக்டரம்மா பக்கத்தில் வந்தபோது டீச்சர் அவளை நிறுத்தினாள்.

“உங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தான் எங்க சண்டையே தீர்ந்துதுங்க. இப்படி ஒத்துமையா இருக்க நாங்க என்ன செய்யணும், சொல்லுங்களேன்.”

டிராக்டரம்மா சிரித்துவிட்டாள்.

“அட, நீங்க வேற. சேர்ந்திருந்த பதினாலு வருஷமும் இந்த ஆணியை ஒரு நாள்கூட நாங்க சண்டையில்லாம மாட்டினதில்லைம்மா. விவாகரத்துல ஜட்ஜ் டிராக்டரை எனக்கும் பெட்டியை அவருக்கும் பிரிச்சுக் கொடுத்தாரே, அதுக்கப்புறம்தான் இந்த மரியாதையெல்லாம்.”