கடைசிக் குமிழி

கார் ரேடியேட்டரின் வாயையே பார்த்தபடி குனிந்து நின்றார் மாப்பிள்ளை. ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

இன்று மச்சான் வீட்டில் மதியச் சாப்பாடு. இன்றைக்கென்று பார்த்து, விடிந்ததும் விடியாததுமாகப் எஞ்சினைக் குளிரவைக்கும் பழைய கூலண்டை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றியிருந்தார்.

பழையதற்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் மாற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். அது முழுக்க வெளியேறாமல் வண்டியை எடுத்தால் எஞ்சின் கொதித்துவிடும். இதைவிடக் கௌரவமான சாக்கு உலகத்தில் உண்டா?

மச்சான் நன்றாகத்தான் சாப்பாடு போடுவார். கை கழுவியதும் சோபாவில் உட்காரவைத்து விசாரணைக் கமிஷனைத் தொடங்கிவிடுவார். ஏன் இன்னும் வாடகை வீடு? ஏன் இதே ஓட்டைக் கார்?

போன தடவை அத்தனை பேர் முன்னால், "என் தங்கச்சி வாங்கிட்டு வந்த வரம் அப்படி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மனைவியும் சிரித்தாள்.

மச்சான் சொன்னதைக்கூட மாப்பிள்ளை பொறுத்துக்கொண்டார். அவள் சிரித்ததுதான் இன்னும் ஆறவில்லை.

அவள் இப்போது புது உடுப்பும் பவுடரும் பளிச்சென்றிருக்க, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டிருந்தாள். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. உள்ளே காற்று அடைத்திருக்கும்வரை அது ஜில்லென்றுதான் ஊதும், போய்விட்டால் சுடச்சுட ஊதும் என்று அவளுக்குப் பாடம் நடத்தியதே அவர்தான். புருஷன் என்றால் சும்மாவா?

குமிழிகள் குறைந்தன. ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் ஹோஸைப் பிடித்து அமுக்கினார். ஒன்று வந்தது. மறுபடி அமுக்கினார்.

வரவில்லை.

போதாக்குறைக்கு ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழல ஆரம்பித்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊருக்கே தம்பட்டம் அடித்தது சனியன்.

போன் அடித்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். ஜன்னல் வழியாக மச்சான் குரல் கணீரென்று வந்தது.

"என்னம்மா, மாப்பிள்ளை காரைப் பெத்து எடுக்குறாரா? கெளம்பியாச்சா இல்லையா?"

சூடாக வருகிறது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோபாதான்.

"இல்லண்ணே. ஹீட்டர்ல இன்னும் ஜில்லுனுதான் வருது. இன்னைக்குக் கஷ்டம்தான்ணே."

அவருக்குப் பகீரென்றது. நிஜமாகவே காற்று அடைத்துவிட்டதோ? ஓடிப்போய் ஜன்னலுக்குள் கையை விட்டார்.

அடுப்பு வாய் மாதிரி கொதித்தது.

அவள் முகத்தில் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. அவர் பக்கம் திரும்பாமல், முன் கண்ணாடியையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன தடவை சிரித்தபோதும் அவள் யாரையும் பார்க்கவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

போனை நோக்கிக் குனிந்தார்.

"ஆமா மச்சான், ஐஸ் மாதிரி வருது," என்றார், சுட்ட கையை ஊதிக்கொண்டே.