பின்னாலேயே வந்தவன்

“இன்னிக்கும் வந்தானா?” என்று கேட்டபடியே, வெந்நீரில் பிழிந்த துணியைத் தபால்காரரின் கெண்டைக்காலில் சுற்றினாள் அவர் மனைவி.

“வந்தான். நான் நின்னா நிக்கிறான், நடந்தா நடக்கிறான். மூணு நாளா இதேதான்.”

இரண்டு தலையணைகளை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். ஆடுசதை கல்லாக இறுகிக் கிடந்தது. பதினோரு தெரு, அதில் பாதி படிக்கட்டு. சைக்கிளை உருட்டக்கூட வழியில்லாத மேட்டுப் பகுதி. பக்கத்துச் சுற்றின் தபால்காரர் ஓய்வு பெற்றதும் அவருடைய தெருக்களையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஆற அமர நடந்தால் ஆறு மணி நேரம் ஆகும். வலி அவருக்குப் பழகிப்போன ஒன்று. பயம்தான் இந்த மாதம் வந்து சேர்ந்தது.

மர அறுவை ஆலை முதலாளி ஒருவனுக்கு நீதிமன்றத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. அவன் வாங்க மறுத்தான். இவரும் விதிப்படி, உறைமேல் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். மறுத்தாலும் கொடுத்ததாகவே கணக்கு என்று வழக்கு அவனுக்கு எதிராகப் போய்விட்டது. அடுத்த முறை இவர் அந்த வாசலைக் கடந்தபோது அவன் சத்தம்கூடப் போடவில்லை.

“இந்தக் கால்லதானே ஊரெல்லாம் நடக்கிற? பாத்துக்கிறேன்” என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து இவர் பத்தடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தபடியேதான் நடந்தார். திங்கட்கிழமை, தொப்பி வைத்த ஒருவன் பின்னால் முளைத்தபோது சந்தேகத்துக்கே இடமில்லை. ஆலைக்காரன் அனுப்பிய ஆள்தான். ஒவ்வொரு வாசலிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டான். எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு ஆள் தனியாகச் சிக்குவார் என்று கணக்குப் போடுகிறான் பாவி என்று நினைத்துக்கொண்டார்.

வேகத்தைக் கூட்டினார். செவ்வாய்க்கிழமை இன்னும் கூட்டினார். புதன்கிழமை, வாசலில் நின்று நலம் விசாரிக்கும் வழக்கத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல் ஓடினார். சாப்பிடக்கூட உட்காரவில்லை. மூன்றே முக்கால் மணி நேரத்தில் பை காலி. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் இப்படியொரு சாதனை கிடையாது, பாராட்டத்தான் ஆளில்லை.

மருந்துக்கடைக்காரர் சொன்ன வைத்தியம் எல்லாம் ஆயிற்று. முதல் நாள் குளிர்ந்த ஒத்தடம், பிறகு வெந்நீர் ஒத்தடம், குடம் குடமாகத் தண்ணீர், சுவரைப் பிடித்துக் குதிகாலை ஊன்றி மெல்ல நீட்டுவது. ரெண்டு நாள் நடக்கக் கூடாது என்றதைத்தான் செய்ய முடியவில்லை.

“லீவு போடுங்களேன்.”

“போட்டா, வீடு தேடி வருவான். நீயும் இருக்கியே இங்க.”

அவள் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள். துணியை மறுபடி பிழிந்து சுற்றினாள்.

வியாழக்கிழமை, எண்பது படி ஏறும் சந்தில், பாதி வழியில் வலது கெண்டைக்கால் சுண்டி இழுத்துப் பிடித்துக்கொண்டது. பை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். மேலே ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. கீழிருந்து நிதானமாகக் காலடிச் சத்தம் ஏறி வந்தது.

பையை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டார். தொப்பிக்காரன் பக்கத்தில் வந்து, குனிந்து, சரியாக அந்த வலது காலைப் பிடித்தான். ‘போச்சு, கால் போச்சு’ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். இனி வீட்டை யார் பார்ப்பது என்று நினைத்தார்.

அவன் அவர் காலை நேராக நீட்டிவிட்டான். பாதத்தின் நுனியைப் பிடித்து முழங்கால் பக்கமாக மெல்ல வளைத்தான். இழுத்துப் பிடித்திருந்த சதை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

“ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டான்.

வலிக்கிறது என்றால் எந்த இடம் என்று கேட்பான். சொன்னால் அந்த இடத்திலேயே போடுவான்.

“இல்லீங்க” என்றார் தபால்காரர்.

“அடிக்கடி இப்படி ஆகுமா?”

“எனக்குக் கால்வலியே வந்ததில்லீங்க. இன்னும் நாலு தெரு குடுத்தாக்கூட நடப்பேன்.” குரல் நடுங்காமல் சொல்லிவிட்டதில் அவருக்கே ஆச்சரியம்.

தொப்பிக்காரன் அவரை ஒரு முறை உற்றுப் பார்த்தான். நோட்டை எடுத்து எழுதினான். படியிறங்கிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. உங்க தைரியத்தைப் பார்த்து ஆள் மிரண்டுட்டான் என்று மனைவி சொல்ல, இருவரும் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்கள். ஞாயிறு முழுக்க அவர் காலை நீட்டித் தூங்கினார்.

அடுத்த வாரம், தபால் பிரிக்கும் மேசையில் அவர் பெயருக்கே ஓர் உறை கிடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. நின்றபடியே பிரித்துப் படித்தார்.

‘கால்வலி காரணமாகத் தங்கள் சுற்றைப் பாதியாகக் குறைக்கும்படி சென்ற ஆண்டு தாங்கள் அனுப்பிய மனுவின் பேரில், தாங்கள் வேண்டுமென்றே மெதுவாக நடந்துவிடக் கூடாது என்பதற்காக முன்னறிவிப்பின்றி, எங்கள் ஆய்வாளர் நான்கு நாட்கள் தங்களைப் பின்தொடர்ந்து நேரம் குறித்தார். அவருடைய அறிக்கையையும், அவரிடம் தாங்கள் நேரில் தெரிவித்த விருப்பத்தையும் ஏற்று, வரும் திங்கள் முதல் மேலும் நான்கு தெருக்கள் தங்கள் சுற்றில் சேர்க்கப்படுகின்றன.’