ஒட்டடைக்கு ஒரு நாள் மரியாதை

“யாராவது ஒட்டடையில கை வச்சீங்க, அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும்!”

முதல்வரம்மாவின் குரலைக் கேட்டதும், நீளக் குச்சியை ஓங்கியிருந்த துப்புரவுப் பணியாளர் அப்படியே நின்றுவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் உயர்கல்வித் துறையின் ஆய்வுக் குழு வந்துவிடும். வேறு கல்லூரியாக இருந்தால் இந்நேரம் வாசல்வரை வெள்ளையடித்திருப்பார்கள்.

முதல்வரம்மாவின் கணக்கே வேறு. “குழு எதுக்கு வருது? நம்மகிட்ட என்னென்ன இல்லைன்னு பாத்துட்டுப் போகத்தானே? எல்லாம் பளபளன்னு இருந்தா நமக்கு எவன் குடுப்பான்?” என்று இயற்பியல் பேராசிரியரைக் கேட்டார். “பக்கத்து ஊர்க் கல்லூரியைப் பாருங்க. வந்த அதிகாரி தலையில காரை பேந்து விழுந்துது. அடுத்த மாசமே புதுக் கட்டடத்துக்கு உத்தரவு வந்துடுச்சு!”

“நம்ம கூரை கல்லு மாதிரி இருக்கே மேடம்,” என்றார் பேராசிரியர் கவலையோடு.

“ஒழுகவாவது வைங்க. மாடியில தண்ணித் தொட்டியைத் திறந்து விடுங்க.”

பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியபோது இப்படியொரு நாள் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

முதல்வரம்மா தனக்காக எதையும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்குப் பயந்து பாதி வகுப்பில் எழுந்து ஓடுகிறார்கள். வருஷா வருஷம் நன்றாகப் படிக்கிற சிலர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். போன மாதம்கூட, கணக்குப் பாடத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஒரு பெண் அப்படி நின்றுபோனாள்.

கைப்பேசி அடித்தது. வீட்டிலிருந்து கணவர்.

“அம்மா தாயே, கட்டில் மேலயும் கம்ப்யூட்டர், கட்டிலுக்குக் கீழேயும் கம்ப்யூட்டர். நான் எங்கே படுக்கிறது?”

“ஒரே ஒரு நாள்தாங்க. சாயங்காலம் ஆள் விட்டு எடுத்துடறேன்.”

“எல்லாத்து முதுகிலயும் அரசாங்க முத்திரை வேற. எதிர்வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பாக்கிறாரு.”

“போர்வையைப் போட்டு மூடுங்க!” என்று வைத்துவிட்டார்.

குழு வந்து இறங்கியது. தலைவியாக வந்த அம்மையார் நரைத்த தலையும் மெல்லிய குரலுமாக, பார்க்கவே இரக்க குணம் உள்ளவராகத் தெரிந்தார். முதல்வரம்மாவுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

வராந்தாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கணினி அறைக் கதவைத் திறந்தால், உடைசல் சாமான் போடும் கிட்டங்கியிலிருந்து தூசியோடு எடுத்து வைத்த பழைய டைப்ரைட்டர்கள் வரிசையாகப் பல்லிளித்தன.

தலைவி ஒரு டைப்ரைட்டரைத் தொட்டுப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். “இதுலதான் பிள்ளைங்க படிக்கிறாங்களா?”

“என்ன மேடம் பண்றது? எங்க விதி,” என்று முதல்வரம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

“வேற ஏதாவது அறை இருக்கா?”

“இல்லை மேடம்.”

தலைவி பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். அலமாரிகளைத் திறக்கச் சொன்னார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். “நிஜமாவே இவ்வளவுதானா?”

“இருந்தா ஒளிச்சா வைக்கப் போறோம்? சத்தியமா இவ்வளவுதான் மேடம்!”

தலைவி பெருமூச்சு விட்டபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மனம் கரைந்துவிட்டது என்று முதல்வரம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. சூட்டோடு சூடாக விடுதிப் பேச்சை எடுத்தார். கடைசி பஸ்ஸைப் பற்றிச் சொன்னார், நின்றுபோன பிள்ளையைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லும்போது வந்த கண்ணீரில் நடிப்பில்லை.

“அழாதீங்கம்மா,” என்றார் தலைவி. “உங்க ஹாஸ்டலுக்கு ஏற்கெனவே நிதி ஒதுக்கியாச்சு. அதுக்காகத்தான் நாங்க வந்ததே.”

முதல்வரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில், நனைந்த வேட்டியோடு நின்ற பேராசிரியரைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். நல்ல வேளை, ஒட்டடையை அடிக்க விடவில்லை.

தலைவி பேனாவைத் திறந்தார். பிறகு ஏதோ யோசித்து மூடினார்.

“இப்ப விதிமுறையெல்லாம் மாத்திட்டாங்கம்மா. முன்னாடி குடுத்ததைக் கண்ணால பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குக் கையெழுத்துப் போடணும்.” அவர் குரலில் இப்போது மென்மை கொஞ்சம் குறைந்திருந்தது.

“போன வருஷம் நாங்க அனுப்பின கம்ப்யூட்டரெல்லாம் எங்கேம்மா?”