கதிர் படாத குழாய்

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே பிருந்தாவுக்குப் பயமாக இருந்தது.

ஒரே ஆளின் ரத்தம்தான். இரண்டு குழாயாகப் பிரித்து, ஒன்றை மட்டும் எக்ஸ்ரேயில் காட்டியிருந்தாள். காட்டியதில் வெள்ளையணுக்களின் குரோமோசோம்கள் கண்டபடி முறிந்து கிடக்கும். காட்டாததில் எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை எழுதினால் அவளுக்கு ஆராய்ச்சிப் பட்டம்.

காட்டாததிலும் முறிவு.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் விட்டுவிடலாம். இது விடுகிற அளவில் இல்லை.

குழாய் மாறிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். புது ரத்தம் எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். திரும்பவும் அதேதான். தான் ஒரு மடச்சியாக இருந்து, தன் கைதான் தப்புச் செய்திருக்கக் கூடாதா என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டாள்.

வழிகாட்டி வெங்கடரமணன் சார் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரித்தார்.

"ஏம்மா, எக்ஸ்ரே எடுக்கிறவர் ரத்தத்தையா கொண்டுவந்த? ஒன் வீட்டுக்காரர விட்டா மதுரையில வேற ஆளே கெடைக்கலையாக்கும்!"

அவள் கணவன் ஸ்ரீநாத் மதுரைப் பைகராவில், வீட்டு முன்னறையிலேயே எக்ஸ்ரே வைத்திருந்தான். ஒல்லியாக நீளும் வீடு. துபாய்க்குப் போகிறவர்கள், சளி விடாதவர்கள் எல்லாம் நெஞ்சைக் காட்ட அங்கேதான் வருவார்கள். அவன் அசட்டையான ஆளும் இல்லை. காரீயத் தட்டிக்குப் பின்னால் நின்றுதான் பொத்தானை அழுத்துவான். அவளை அந்த அறைக்குள் கால் வைக்க விட்டதே இல்லை.

சந்தேகம் தட்டியதுமே அவன் ரத்தத்தையும் அவள் பார்த்துவிட்டாள்.

"அவரோடது சுத்தமா இருக்கு சார். இது என்னோடது."

சாரின் சிரிப்பு நின்றது. ஆள் தேடி அலைய முடியாமல் தன் கையிலேயே ஊசி குத்தி எடுத்தது வினையாகப் போயிற்று. இல்லை, அது என்றைக்கோ வந்த வினை. இன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

வருகிறவர்கள் நெஞ்சை அழுத்தி நிற்பது உள்சுவரில். கதிர் ஆளைத் துளைத்து நேரே அங்கேதான் போகும். ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு இந்தப் பக்கம் அவர்கள் படுக்கிற அறை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் அவள் இத்தனை காலமும் படித்தாள், எழுதினாள். அழக்கூட வரவில்லை.

இது கூட்டம் நெரிகிற நேரம். ஸ்ரீநாத் இப்போது யாரையோ மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பான்.

சுவருக்கு இந்தப் பக்கம், தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.