நாற்காலியின் நுனி

ஜவுளிக்கடை வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் மரியபுஷ்பத்தால் உட்கார முடியவில்லை. கடையில் ஆள் வராத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சட்டம் அவள் கால்களிலேயே தங்கிவிட்டது. சோற்றைக்கூடச் சுவரோரம் நின்றுதான் தின்றாள். "ஏட்டி, இங்க உன்னைய எந்தக் கேமராவுல பாக்காவ? உக்காரு" என்று அக்கா ஜெபமணி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுவாள். புஷ்பம் அதன் நுனியில் ஒட்டிக்கொள்வாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவாள்.

இன்று அப்படி ஒட்டியிருந்தபோது கடையின் சூப்பர்வைசரே உள்ளே வந்தார்.

"என்ன, மகாராணி கணக்கா இருக்க? தீபாவளிக் கூட்டம் தாங்கல. பையை எடு, வேன் நிக்கி."

அவள் பாதங்கள் தாமாகவே தரையில் ஊன்றின. இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பேசிட்டு நிக்கேன், எந்திரிக்க மாட்டியோ?"

"எக்கா," என்றாள் புஷ்பம், அவர் முகத்தைப் பார்க்காமல். "அண்ணாச்சி நிக்காவல்லா. உக்கார எதாவது போடு."

ஜெபமணி ஒரு முக்காலியை எடுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை. வெளியே வேன் ஹாரன் அடித்தது. எழத் துடித்த அவள் கால்களோடு நாற்காலியின் கால்களும் சிமெண்டுத் தரையில் கடகடவென்று ஆடின. அவள் பிடியை விடவில்லை.