யாரும் தொடாத கேள்வி

"வாழ்த்துகள்மா. எட்டாவது கேள்வியில மார்க் வாங்கின முதல் ஆள் நீதான்" என்றபடி, கையெழுத்துப் போடவேண்டிய தாளை அவள் பக்கம் நகர்த்தினார் துறைத் தலைவர்.

அவள் பேனாவைத் தொடவில்லை.

கணினித் துறையின் ஹானர்ஸ் படிப்பு என்றால் சும்மா இல்லை. மூன்று வருடம் விழுந்து விழுந்து படித்தவர்களில் பொறுக்கி எடுத்தவர்களுக்கு மட்டும் நான்காவதாக ஒரு வருடம். உதவித்தொகை உண்டு, தனி ஆய்வகம் உண்டு. நுழைவுத் தேர்வில் எண்பதைத் தொட்டால் உள்ளே. அவள் எண்பத்திரண்டு. தொடாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது வாடிக்கையாளர் சேவை மையம். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று நாள் பூராவும் பாட வேண்டியதுதான். அவளுக்கும் அங்கே மாமா ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்.

தலைவருக்குப் பக்கத்தில் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர். மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த எட்டாவது கேள்வி அவருடைய செல்லப்பிள்ளை. ஒரு நீளமான பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அடுக்க நிரல் எழுத வேண்டும், அவ்வளவுதான். பார்த்தால் பச்சைப்பிள்ளை போட்டுவிடும் என்று தோன்றும். ஆனால் திருத்துவது இயந்திரம். பேராசிரியரின் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வருடா வருடம் எல்லோருக்கும் முட்டை போட்டுவிடும். "என் கேள்வியை எவனும் தொட முடியாது" என்று மனுஷர் மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

"எப்படிப் போட்டே, சொல்லு. கேக்க ஆசையா இருக்கு" என்றார் இப்போது.

"தப்பாப் போட்டேன் சார்."

தலைவர் சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"உங்க புரோகிராமையே ஓட்டிப் பாருங்க சார். மூணே மூணு பேரைக் கொடுங்க, போதும்."

பேராசிரியர் மடிக்கணினியைத் திறந்தார். தன் பெயரை அடித்தார். அவள் பெயரை அடித்தார். மரியாதைக்குத் துறைத் தலைவர் பெயரையும் கடைசியாக அடித்தார்.

திரையில் இரண்டு பெயர்கள்தான் வந்தன.

துறைத் தலைவரைக் காணோம்!

மறுபடி ஓட்டினார். மறுபடியும் காணோம். பட்டியலில் கடைசியாக யார் நின்றாலும் அவர் நிரல் அவர்களை விழுங்கி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒன்று குறைந்தால் யார் கண்ணில் படும்? சரியாக எழுதியவர்களுக்கு ஒரு பெயர் கூடுதலாக வந்தது. இயந்திரம் அதைத் தப்பு என்றது.

தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது இந்த ரூமோட இருக்கட்டும். அடுத்த வருஷத்துலேருந்து சரி பண்ணிடலாம். நீ கையெழுத்தைப் போடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் இத்தனை வருடம் முட்டை வாங்கியவர்கள்? இவ்வளவு சின்னக் கணக்குகூட நமக்கு வரவில்லையே என்று சோறு இறங்காமல் கிடந்தவர்கள்? அவர்களுக்கெல்லாம் யார் பதில் சொல்வது?

"மாட்டேன் சார்" என்றாள். ஒரு பதிவு எண்ணை மட்டும் சொன்னாள். "போன வருஷத்து எண். அவங்க சரியாத்தான் எழுதினாங்க. நீங்க வெளியிட்ட விடையில கடைசிப் பேர் விட்டுப்போச்சுன்னு ரெண்டு மனு போட்டாங்க. இங்க யாரும் படிக்கக்கூட இல்ல."

பேராசிரியர் தேடினார். எழுபத்தாறு. எட்டாவது கேள்விக்கு முட்டை. மனுக்கள் இரண்டும் பிரித்துப் பார்க்கப்படாமல் அப்படியே நிலுவையில் கிடந்தன. பத்து மதிப்பெண்ணைக் கூட்டினால் எண்பத்தாறு.

"தப்பு என்னோடது. மனு நிலுவையில இருக்கு சார், நியாயமா சீட் கொடுத்தாகணும்" என்றார் தலைவரிடம். பாவம், அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

தலைவரின் கோபம் அவள்மேல் திரும்பியது.

"அவங்களுக்கு சீட் கொடுத்துடலாம். ஆனா விடையைத் திருத்தினா உனக்குப் பத்து மார்க் போயிடும், தெரியுமா? எழுபத்திரண்டுக்கு இறங்கிடுவே. சரியான விடை தெரிஞ்சும் தப்பா எழுதியிருக்கியே! ஒழுங்கா எழுதிட்டு வந்து இதைச் சொல்லியிருந்தா உனக்கும் சீட் கிடைச்சிருக்கும்ல?"

"ஒழுங்கா எழுதியிருந்தா என்னை இந்த ரூமுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டீங்க சார். முட்டை வாங்கினவ பேச்சு யார் காதுல ஏறும்?"

கையெழுத்துப் போடாத தாளைத் தலைவர் பக்கமே நகர்த்திவிட்டு எழுந்தாள். அந்த ஆய்வகத்துக் கண்ணாடிக் கதவை மூன்று வருடமாக வெளியிலிருந்தே பார்த்தவள் அவள். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடைக்கூடத்துக்கு வந்ததும் போனை எடுத்தாள்.

"அக்கா, ஹெட்செட்டைக் கழட்டி வெச்சிட்டு உடனே கிளம்பி வா. உனக்கு சீட் கொடுக்கப் போறாங்க."

அந்தப் பக்கம் ஹெட்செட் மேசைமேல் விழுகிற சத்தம் கேட்டது.

"உனக்குடீ?"

"எனக்கு இல்ல."

'அடிப்பாவி!' என்று அக்கா போட்ட கத்தல் நடைக்கூடத்தில் போனவர்களுக்கெல்லாம் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, வாசலைப் பார்த்து நடந்தாள்.